ஜாங்கோ: பிராஞ்ச் மாறினால் இன்சர்ட் உடைகிறது, மெர்ஜ் செய்தால் இரண்டு 0007 மோதுகின்றன

கரிசல்:

ஜாங்கோ (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) 4.2, போஸ்ட்கிரஸ் (டேட்டாபேஸ்) 15. சிக்கல் ஆர்டர்ஸ் என்ற ஆப்பில். மெயின் பிராஞ்சில் 0006 வரை மைக்ரேஷன் (மாடல் மாற்றத்தை டேட்டாபேஸுக்குக் கொண்டுபோகும் எண்ணிட்ட கோப்பு) இருந்தது. நடந்ததை வரிசையாகத் தருகிறேன்.

கூப்பன் என்ற பிராஞ்சில் ஆர்டர் மாடலுக்கு கூப்பன்_கோடு என்ற கேர்ஃபீல்டு சேர்ந்தது. மேக்ஸ்_லெங்த் 20, டிஃபால்ட் காலி ஸ்ட்ரிங். 0007_கூப்பன்_கோடு உருவாகி, லோக்கல் டேட்டாபேஸில் மைக்ரேட்டும் ஆனது. பிறகு ஒரு அவசர பிழைதிருத்தத்துக்காக மெயினுக்குச் செக்அவுட். அங்கே புது ஆர்டர் போட்டால் இன்டெக்ரிட்டி எரர் வருகிறது: கூப்பன்_கோடு நெடுவரிசையில் நல் (மதிப்பில்லாத வெற்று நிலை) வரக்கூடாதாம். மெயினில் உள்ள மாடலில் அந்த ஃபீல்டே கிடையாது. ஷோமைக்ரேஷன்ஸ் போட்டால் 0006 வரைதான் காட்டுகிறது.

இதற்கிடையில் குழுவில் இன்னொருவரின் 0007_டிராக்கிங்_எண் மெயினில் மெர்ஜ் ஆகிவிட்டது. புல் செய்து மைக்ரேட் ஓட்டினால் எந்தத் தடையும் இல்லை. ஆனால் மெயினை கூப்பன் பிராஞ்சுக்குள் மெர்ஜ் செய்ததும், கிட் ஒரு முரண்பாடும் சொல்லாமல் மெர்ஜை முடித்துவிட்டது. மைக்ரேட் மட்டும் 'கான்ஃப்ளிக்டிங் மைக்ரேஷன்ஸ் டிடெக்டட்' என்று நின்றுவிடுகிறது. ஆர்டர்ஸில் இரண்டு லீஃப் நோடு (வரிசையின் கடைசி மைக்ரேஷன்) இருக்கிறது, மேக்மைக்ரேஷன்ஸ் --மெர்ஜ் ஓட்டு என்கிறது.

மூன்று கேள்விகள். மாடலில் இல்லாத ஃபீல்டுக்காக இன்சர்ட் ஏன் உடைகிறது? --மெர்ஜ் சரியா, கோப்பின் எண்ணை மாற்றுவது சரியா? குழுவில் இது திரும்பத் திரும்ப வராமலிருக்க என்ன ஏற்பாடு செய்யலாம்?

---

மருதநிலம்:

முதல் கேள்வியை முதலில் தீர்ப்போம். அது புரிந்தால் மற்ற இரண்டுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

மைக்ரேஷன் விஷயத்தில் உண்மை மூன்று இடங்களில் கிடக்கிறது. மைக்ரேஷன்ஸ் ஃபோல்டரில் உள்ள பைத்தான் கோப்புகள், டேட்டாபேஸில் ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ் என்ற டேபிள், டேபிள்களின் நிஜமான அமைப்பு. பிராஞ்ச் மாறும்போது கிட் மாற்றுவது முதலாவதை மட்டும்தான். மற்ற இரண்டும் நீங்கள் விட்ட இடத்திலேயே நிற்கும்.

நீங்கள் மெயினுக்கு வந்தபோது 0007_கூப்பன்_கோடு கோப்பு மறைந்தது. ஜாங்கோ_மைக்ரேஷன்ஸில் அதன் பதிவு இருக்கிறது, நெடுவரிசையும் இருக்கிறது. கோப்பு இல்லாத பதிவை ஜாங்கோ கண்டுகொள்வதே இல்லை. எரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. ஷோமைக்ரேஷன்ஸ் கோப்புகளை வைத்துத்தான் பட்டியல் போடும் என்பதால் அதிலும் தெரியாது. டேபிளை நேரடியாகப் பார்த்தால்தான் தெரியும்:

செலக்ட் நேம், அப்ளைடு ஃப்ரம் ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ் வேர் ஆப் = 'ஆர்டர்ஸ்' ஆர்டர் பை ஐடி;

இனி இன்சர்ட். கூப்பன் பிராஞ்சில் ஸீக்வல்மைக்ரேட் (மைக்ரேஷனின் எஸ்கியூஎல்லை ஓட்டாமல் காட்டுவது) ஆர்டர்ஸ் 0007 ஓட்டிப் பாருங்கள், இரண்டு கட்டளை வரும். முதலாவது நெடுவரிசையை டிஃபால்ட் '' நாட் நல் என்று சேர்க்கும். இரண்டாவது அந்த டிஃபால்ட்டை உடனே ட்ராப் செய்யும். மாடலில் நீங்கள் எழுதும் டிஃபால்ட் பைத்தான் பக்கத்து விஷயம். ஏற்கெனவே இருக்கும் பதிவுகளை நிரப்ப மட்டும் ஜாங்கோ அதை ஒரு கணம் டேட்டாபேஸுக்குக் கடன் கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மெயினில் உள்ள நிரலுக்கு அந்த ஃபீல்டு தெரியாது, இன்சர்ட்டில் அதன் பெயரே வராது. டேட்டாபேஸிலும் டிஃபால்ட் இல்லை. நாட் நல் மீறல். மைஎஸ்கியூஎல்லில் ஸ்ட்ரிக்ட் மோடு இருந்தால் இதுவே 1364 என்ற எண்ணோடு வரும்.

நல்=ட்ரூ கொடுத்த ஃபீல்டாக இருந்திருந்தால் இன்சர்ட் ஓடியிருக்கும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஜாங்கோ 5.0-இல் வந்த டிபி_டிஃபால்ட் கொடுத்தால் டிஃபால்ட் டேட்டாபேஸிலேயே தங்கும், அப்போதும் இது வராது.

இப்போது சரிசெய்வது. செயலைத் திருப்புவதற்கான குறிப்பு அந்த மைக்ரேஷன் கோப்புக்குள்தான் இருக்கிறது. ஆகவே கோப்பு கண்ணெதிரே இருக்கும்போது ரோல்பேக், அதன் பிறகு செக்அவுட்:

மேனேஜ்.பை மைக்ரேட் ஆர்டர்ஸ் 0006
கிட் செக்அவுட் மெயின்

உங்கள் நிலையில் இது கொஞ்சம் சிக்கலாகிவிட்டது, ஏனென்றால் மெர்ஜ் கமிட் விழுந்துவிட்டது. இரண்டு 0007-உம் ஒரே இடத்தில் இருக்கும் வரை மைக்ரேட் பின்னோக்கியும் நகராது. மோதல் இருக்கிறதா என்ற சோதனை எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்கிறது. இதே காரணத்தால், மெயினில் நின்றுகொண்டு அந்த ஒரு கோப்பை மட்டும் கிட் செக்அவுட்டால் எடுத்து வருவதும் இங்கே வேலைக்கு ஆகாது. மெர்ஜுக்கு முந்தைய கமிட்டைத் தனி ஃபோல்டரில் திறங்கள். கூப்பன் பிராஞ்சில் இருந்தபடியே:

கிட் வொர்க்ட்ரீ ஆட் ../பழையது ஹெட்^1

ஹெட்^1 என்பது மெர்ஜ் கமிட்டின் முதல் பெற்றோர், அதாவது மெயின் உள்ளே வருமுன் உங்கள் பிராஞ்ச் இருந்த நிலை. .என்வ் (டேட்டாபேஸ் பெயர் போன்ற அமைப்புகள் உள்ள கோப்பு) போன்று கிட்டில் இல்லாத கோப்புகள் அங்கே வராது, கையால் நகலெடுங்கள். அதே டேட்டாபேஸைத்தான் சுட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அந்த ஃபோல்டரில் மைக்ரேட் ஆர்டர்ஸ் 0006. கூப்பன்_கோடு நெடுவரிசை போகும், பதிவும் போகும். 0007_டிராக்கிங்_எண் பற்றி அந்த ஃபோல்டருக்கு எதுவும் தெரியாது, அதனால் அதைத் தொடாது. முடிந்ததும் கிட் வொர்க்ட்ரீ ரிமூவ் ../பழையது. நகலெடுத்த .என்வ் கிட்டின் இக்னோர் பட்டியலில் இல்லையென்றால் ரிமூவ் மறுக்கும், அதை முதலில் அழித்துவிடுங்கள்.

ரோல்பேக்கில் கூப்பன்_கோடு மதிப்புகள் அழியும். லோக்கல் டேட்டாவாக இருந்தாலும் தேவையென்றால் முன்பே பிஜி_டம்ப் எடுத்துக்கொள்ளுங்கள்.

---

இரவுப்பணி:

மேலே சொன்னது போஸ்ட்கிரஸுக்குச் சரி. இதைப் படிக்கிறவங்க எஸ்கியூலைட்ல இருந்தா கவனமா இருங்க. எஸ்கியூலைட்ல ஜாங்கோ பல மாற்றங்களை நேரடியா பண்ணாது. புது டேபிள் ஒண்ணு கட்டி, டேட்டாவை அதுக்குள்ள நகலெடுத்து, பழசை ட்ராப் பண்ணி, பேரை மாத்தும். புது டேபிள்ல என்னென்ன நெடுவரிசைன்னு அந்த பிராஞ்ச்ல இருக்கிற மைக்ரேஷன் கோப்புகளை வச்சுத்தான் முடிவு பண்ணும். அந்த பிராஞ்சுக்குத் தெரியாத டிராக்கிங்_எண் நெடுவரிசை நகல்ல வராது. எரர் இல்லாம காணாமப் போயிடும், ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ்ல மட்டும் அப்ளை ஆனதா பதிவு இருக்கும்.

எஸ்கியூலைட்ல வழி ரொம்ப எளிசு. டேட்டாபேஸ் ஒரே கோப்புதானே, பிராஞ்ச் மாறுறதுக்கு முன்னாடி நகலெடுத்து வச்சுக்குங்க. ரன்சர்வரை நிறுத்திட்டு நகலெடுக்கணும்.

---

கரிசல்:

வொர்க்ட்ரீ வழியில் 0006-க்கு வந்தாயிற்று. கூப்பன்_கோடு நெடுவரிசை போய்விட்டது, டிராக்கிங்_எண் பத்திரமாக இருக்கிறது, மெயினில் ஆர்டர் பதிவாகிறது. இனி இரண்டாவது கேள்வி: கூப்பன் பிராஞ்சில் இரண்டு 0007. --மெர்ஜா, எண் மாற்றமா? கூப்பன் மைக்ரேஷன் என் கணினியைத் தவிர வேறெங்கும் ஓடவில்லை.

---

அலைவரிசை:

வேறெங்கும் ஓடவில்லை என்றால் எண்ணை மாற்றுங்கள். --மெர்ஜ் வேண்டாம்.

எண் வெறும் பெயர்தான், வரிசையைத் தீர்மானிப்பது கோப்புக்குள் இருக்கும் டிபெண்டென்சீஸ் பட்டியல். அதனால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்:

கிட் எம்வி 0007_கூப்பன்_கோடு.பை 0008_கூப்பன்_கோடு.பை

கோப்பைத் திறந்து டிபெண்டென்சீஸில் ('ஆர்டர்ஸ்', '0006_...') என்பதை ('ஆர்டர்ஸ்', '0007_டிராக்கிங்_எண்') ஆக்குங்கள். பிறகு மேக்மைக்ரேஷன்ஸ் --செக் --ட்ரை-ரன். மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தால் மைக்ரேட்.

தானாக உருவான ஸ்கீமா மாற்றம் மட்டும் என்றால் பழைய கோப்பை அழித்துவிட்டு மேக்மைக்ரேஷன்ஸ் புதிதாக ஓட்டுவதும் அதே பலன்தான். உள்ளே ரன்பைத்தான், ரன்எஸ்கியூஎல் என்று கையால் எழுதிய பைத்தான் அல்லது எஸ்கியூஎல் ஆபரேஷன் ஏதாவது இருந்தால் அழிக்காதீர்கள், மேக்மைக்ரேஷன்ஸ் அதைத் திரும்ப எழுதித் தராது.

இதில் தவறக்கூடிய இடங்கள் மூன்று.

ரோல்பேக் செய்யாமல் பெயரை மாற்றினால், ஜாங்கோவுக்கு 0008_கூப்பன்_கோடு இதுவரை ஓடாத புது மைக்ரேஷன். நெடுவரிசையைத் திரும்பச் சேர்க்கப் பார்த்து, அது ஏற்கெனவே இருக்கிறது என்று போஸ்ட்கிரஸ் மறுக்கும்.

பெயரை விட்டுவிட்டு டிபெண்டென்சீஸை மட்டும் மாற்றினால், டிராக்கிங்_எண் ஓடாத கணினியில் இன்கன்சிஸ்டென்ட் மைக்ரேஷன் ஹிஸ்டரி வரும். தான் சார்ந்த மைக்ரேஷனுக்கு முன்பே இது அப்ளை ஆகியிருக்கிறது என்ற புகார் அது.

மூன்றாவதைப் பலரும் மறக்கிறார்கள். அதே பிராஞ்சில் இன்வாய்ஸ் போன்ற வேறொரு ஆப்பின் மைக்ரேஷன் ('ஆர்டர்ஸ்', '0007_கூப்பன்_கோடு') என்பதைச் சார்ந்திருக்கலாம். ஆர்டருக்கு ஒரு ஃபாரின்கீ (வேறு டேபிளின் பதிவைச் சுட்டும் ஃபீல்டு) வைத்தாலே ஜாங்கோ அப்போதைய கடைசி மைக்ரேஷனை அங்கே எழுதிவிடும். பெயர் மாறியதும் நோடு நாட் ஃபவுண்ட் எரர். பெயர் மாற்றிய கையோடு கிட் கிரெப் 0007_கூப்பன்_கோடு போட்டு ஒன்றும் மிச்சமில்லை என்று உறுதி செய்யுங்கள்.

லோக்கல் டேட்டாவை இழக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ரோல்பேக் செய்யாமல் பதிவை மட்டும் திருத்தலாம்:

அப்டேட் ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ் செட் நேம் = '0008_கூப்பன்_கோடு' வேர் ஆப் = 'ஆர்டர்ஸ்' அண்ட் நேம் = '0007_கூப்பன்_கோடு';

0007_டிராக்கிங்_எண் அந்த டேட்டாபேஸில் ஓடி முடிந்திருந்தால் மட்டுமே இதைச் செய்யலாம். தனி ஒருவரின் கணினியோடு இது நிற்க வேண்டும்.

---

மருதநிலம்:

கரிசல் விஷயத்தில் அலைவரிசையோடு உடன்படுகிறேன். ஆனால் '--மெர்ஜ் வேண்டாம்' என்பதைப் பொதுவிதியாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. அந்த 0007_கூப்பன்_கோடு ஸ்டேஜிங் எனும் சோதனைச் சர்வரிலோ, சக ஊழியர் ஒருவரின் கணினியிலோ, புரொடக்‌ஷனிலோ ஓடியிருந்தால் பெயரை மாற்றவே கூடாது. உங்கள் கைக்கு எட்டாத ஒவ்வொரு டேட்டாபேஸிலும் பழைய பெயர் பதிவாகியிருக்கும். மேலே சொன்ன முதல் இரண்டு பிழைகளில் ஏதோ ஒன்று அங்கே வெடிக்கும். அந்த நிலையில் --மெர்ஜ்தான் சரி.

அது செய்வது கொஞ்சம்தான். 0008_மெர்ஜ்_ என்று தொடங்கும் ஒரு கோப்பு; ஆபரேஷன்ஸ் பட்டியல் காலி, டிபெண்டென்சீஸில் இரண்டு 0007-களும். இரண்டு பாதையும் இங்கே சேர்கின்றன என்று மைக்ரேஷன்களின் சார்பு வரைபடத்துக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. டேபிளில் எதையும் தொடாது. உருவாக்குமுன் இரண்டு பக்க ஆபரேஷன்களையும் திரையில் காட்டி, இவை வெவ்வேறு ஃபீல்டு அல்லது மாடல் மீது இருந்தால் மட்டுமே மெர்ஜ் வேலைசெய்யும் என்று சொல்லி ஆம், இல்லை கேட்கும். அங்கே நின்று படியுங்கள். பலர் ஒய் தட்டிவிட்டுப் போவது அங்கேதான்.

---

அலைவரிசை:

ஏற்கிறேன். என் அக்கறை வேறு: பத்துப் பேர் உள்ள குழுவில் எல்லா மோதலுக்கும் --மெர்ஜ் போட்டால் சில மாதங்களில் வரைபடம் பின்னல் ஆகிவிடும். அதன் பிறகு 'மைக்ரேட் ஆர்டர்ஸ் 0031' என்று பின்னோக்கிப் போகும்போது எந்தெந்தக் கிளை கழலும் என்பதை ஒருவராலும் பார்த்தவுடன் சொல்ல முடியாது. மெயினுக்குள் வராத மைக்ரேஷனை எண் மாற்றுங்கள், வந்துவிட்டதைத் தொடாதீர்கள். ஸ்டேஜிங்கில் மெர்ஜ் ஆகாத பிராஞ்சை ஏற்றும் வழக்கம் இருந்தால் முதலில் அந்த வழக்கத்தைப் பற்றிக் குழுவில் பேசுங்கள்.

---

இரவுப்பணி:

ஒரே ஃபீல்டு மேல ரெண்டு பிராஞ்ச்ல ஆல்டர்ஃபீல்டு (ஃபீல்டோட வரையறையை மாத்துற ஆபரேஷன்) வந்தா என்ன ஆகும்னு யாரும் இன்னும் சொல்லல. இந்த இழையிலேயே ஆபத்தான இடம் அதுதான், ஏன்னா அங்க எரர் வராது.

டெலிவரி_குறிப்புன்னு ஒரு கேர்ஃபீல்டு, மேக்ஸ்_லெங்த் 20. ஒரு பிராஞ்ச் அதை 40 ஆக்குது, 0007_அ. இன்னொண்ணு 60 ஆக்குது, 0007_ஆ. மாடல்ஸ்.பை கோப்புல கிட் கான்ஃப்ளிக்ட் காட்டும், நீங்க 60-னு தீர்த்துடுவீங்க. அப்புறம் --மெர்ஜ். ஜாங்கோ வரைபடத்தைப் படிக்கிற வரிசை அ, ஆ-ன்னு வச்சுக்குங்க. ஷோமைக்ரேஷன்ஸ் --பிளான் போட்டா அந்த வரிசை தெரியும். கடைசி நிலை 60. மாடலும் 60. மேக்மைக்ரேஷன்ஸ் போட்டா 'நோ சேஞ்சஸ் டிடெக்டட்'.

இப்ப நிஜ டேட்டாபேஸைப் பாருங்க. அ முதல்ல ஓடி அப்புறம் ஆ ஓடின கணினியில நெடுவரிசை வார்கேர் 60. ஆ ஏற்கெனவே ஓடியிருந்து, மெர்ஜுக்கு அப்புறம் அ ஓடின கணினியில, 60-ஆ இருந்ததை 40-ஆ சுருக்கியிருக்கும். ஆல்டர்ஃபீல்டு 'இதை மட்டும் மாத்து'ன்னு சொல்றது இல்ல, ஃபீல்டோட முழு வரையறையையும் எழுதி 'இப்படி ஆக்கு'ன்னு சொல்றது. கடைசியா ஓடினது ஜெயிக்கும். ரெண்டு கணினியிலயும் ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ்ல அதே பதிவுகள், டேபிள் மட்டும் வேற வேற. நாப்பதைத் தாண்டின டேட்டா ஏற்கெனவே உள்ள இருந்தா போஸ்ட்கிரஸ் சுருக்க மறுத்து எரர் தரும், அப்பத் தப்பிச்சீங்க. டேட்டா இல்லன்னா அமைதியா சுருங்கிடும். அம்பது எழுத்துல ஒரு குறிப்பு வர்ற அன்னிக்குத்தான் தெரியும்.

மேக்மைக்ரேஷன்ஸ் டேபிள்களோட அமைப்பைப் பார்க்கிறதே இல்ல. மைக்ரேஷன் கோப்புகளையும் மாடலையும்தான் ஒப்பிடும். அதனால அது 'மாற்றம் இல்ல'ன்னு சொன்னா டேட்டாபேஸ் சரின்னு அர்த்தம் இல்ல.

இன்னொரு ஆல்டர்ஃபீல்டு கையால எழுதினா சரியாகும்னு நினைக்காதீங்க. ஜாங்கோ கணக்குல 60-ல இருந்து 60-க்கு மாற்றமே இல்ல, எஸ்கியூஎல் எதுவும் ஓட்டாது. ரன்எஸ்கியூஎல் எழுதணும்:

ஆல்டர் டேபிள் ஆர்டர்ஸ்_ஆர்டர் ஆல்டர் காலம் டெலிவரி_குறிப்பு டைப் வார்கேர்(60);

ரிவர்ஸ் பக்கத்துக்கு ரன்எஸ்கியூஎல்.நூப் குடுங்க. ஏற்கெனவே 60-ஆ இருக்கிற இடத்துல இது ஓடினாலும் கெடுதல் இல்ல.

பிஎஸ்கியூஎல்ல (போஸ்ட்கிரஸோட கட்டளைவரிக் கருவி) \டி ஆர்டர்ஸ்_ஆர்டர் போட்டு ஒவ்வொரு டேட்டாபேஸையும் கண்ணால பார்த்துட்டு முடிங்க. இந்த நிலைமை வராம இருக்கணும்னா, ஒரே ஃபீல்டை ரெண்டு பேரு தொட்டிருந்தா --மெர்ஜ் பண்ணாதீங்க. பிந்தி வர்றவர் ரோல்பேக் பண்ணி, கோப்பை அழிச்சு, மெயின் மேல புதுசா மேக்மைக்ரேஷன்ஸ் ஓட்டட்டும்.

---

கரிசல்:

இது எனக்குப் புதுச் செய்தி. எங்கள் ஸ்டேஜிங்கில் இப்படி ஒன்று இருக்கலாம் என்று தோன்றுகிறது, பார்க்கிறேன்.

மூன்றாவது கேள்வி பாக்கி. இரண்டு புல் ரிக்வெஸ்ட்டும் (மெயினில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) தனித்தனியே சிஐயில் (தானாக ஓடும் சோதனை) பச்சை. இரண்டும் மெர்ஜ் ஆனதும் மெயின் சிவப்பு. கிட்டிலேயே இதை மோத வைக்க வழி உண்டா?

---

அலைவரிசை:

உண்டு. கோப்புப் பெயர்கள் வேறு என்பதால்தான் கிட் சும்மா இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கோப்பின் ஒரே வரியைத் தொட வேண்டியிருந்தால் கிட்டே நிறுத்திவிடும்.

ஆடம் ஜான்சன் எழுதிய ஜாங்கோ-லீனியர்-மைக்ரேஷன்ஸ் என்ற நூலகம் அதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு ஆப்பின் மைக்ரேஷன்ஸ் ஃபோல்டரிலும் மேக்ஸ்_மைக்ரேஷன்.டிஎக்ஸ்டி என்ற ஒருவரிக் கோப்பு இருக்கும், கடைசி மைக்ரேஷனின் பெயர் அதில். மேக்மைக்ரேஷன்ஸ் ஓடும்போது அதுவே புதுப்பித்துக்கொள்ளும். நிறுவிய பிறகு இன்ஸ்டால்டு ஆப்ஸில் சேர்த்துவிட்டு, கிரியேட்_மேக்ஸ்_மைக்ரேஷன்_ஃபைல்ஸ் என்ற கட்டளையை ஒருமுறை ஓட்டி, உருவான கோப்புகளைக் கமிட் செய்யுங்கள். அதன் பிறகு இரண்டாவது பிராஞ்சில் மெயினை மெர்ஜ் அல்லது ரீபேஸ் செய்யும்போது அந்த வரியில் கான்ஃப்ளிக்ட் விழும். கான்ஃப்ளிக்ட் குறிகளைக் கையால் திருத்தாமல் அப்படியே விட்டு ரீபேஸ்_மைக்ரேஷன் ஆர்டர்ஸ் ஓட்டினால், எண்ணையும் டிபெண்டென்சீஸையும் அதுவே மாற்றித் தரும். உங்கள் லோக்கலில் பழைய பெயரில் ஓடியிருந்தால் ரோல்பேக்கை அதற்கு முன் நீங்கள்தான் செய்ய வேண்டும், அது டேட்டாபேஸைத் தொடாது. இன்வாய்ஸ் உதாரணத்தில் சொன்ன மற்ற ஆப்களின் சார்பையும் ஒருமுறை கிரெப் செய்துவிடுங்கள்.

---

மருதநிலம்:

நூலகம் சேர்க்க முடியாத இடங்களுக்கு, சிஐயில் ஒரு வரி: மேக்மைக்ரேஷன்ஸ் --செக் --ட்ரை-ரன். மைக்ரேஷன் எழுத மறந்த மாடல் மாற்றம், இரண்டு லீஃப் நோடு இரண்டையும் இதுவே பிடிக்கும். 4.2-க்கு முன் --செக் மட்டும் கொடுத்தால் கோப்பையும் எழுதிவிடும், அதனால்தான் --ட்ரை-ரன் சேர்க்கும் பழக்கம். 4.2 முதல் --செக் எழுதாது, இருந்தாலும் இரண்டையும் வைத்திருப்பதில் நட்டமில்லை.

நீங்கள் சொன்ன 'தனித்தனியே பச்சை' இதனாலும் தீராது, சிஐ எப்போது ஓடியது என்பது முக்கியம். இரண்டாவது புல் ரிக்வெஸ்ட் சோதிக்கப்பட்டது முதலாவது மெர்ஜ் ஆவதற்கு முந்தைய மெயினோடு. மெயின் நகர்ந்ததும் அந்தப் பச்சை காலாவதி. கிட்ஹப்பில் பிராஞ்ச் பாதுகாப்பில் 'மெர்ஜுக்கு முன் பிராஞ்ச் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்' என்பதை இயக்குங்கள், அல்லது மெர்ஜ் கியூ பயன்படுத்துங்கள்.

சிஐயில் இன்னொரு சோதனையும் வைக்கலாம். காலி டேட்டாபேஸில் முழுக்க மைக்ரேட், புல் ரிக்வெஸ்ட்டில் சேர்ந்த மைக்ரேஷனைப் பின்னோக்கி, திரும்ப முன்னோக்கி. ரிவர்ஸ்_கோடு இல்லாத ரன்பைத்தான் இர்ரிவர்சிபிள் எரரோடு அங்கேயே மாட்டும். திருப்ப ஒன்றுமில்லாத டேட்டா மைக்ரேஷன் என்றால் ரன்பைத்தான்.நூப் என்று எழுதிவிடுங்கள். அது இல்லாததால் பிராஞ்ச் மாற முடியாமல் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

மைக்ரேஷன் கோப்புகளை கிட்இக்னோரில் போட்டுவிட்டால் மோதலே வராது என்ற யோசனை அவ்வப்போது வரும். ஒருபோதும் செய்யாதீர்கள். ஒவ்வொருவரின் கணினியிலும் வேறு வேறு 0007 பிறக்கும், புரொடக்‌ஷனில் இன்னொன்று.

---

இரவுப்பணி:

பிராஞ்சுக்கு ஒரு டேட்டாபேஸ் வச்சா பாதிப் பிரச்சினை பிறக்கிறதே இல்ல. போஸ்ட்கிரஸ்ல ரொம்ப சுலபம்:

கிரியேட்டிபி -டி கடை_மெயின் கடை_கூப்பன்

-டி-ங்கிறது டெம்ப்ளேட். கடை_மெயினை அப்படியே நகலெடுக்கும். மூல டேட்டாபேஸ்ல வேற யாரும் இணைஞ்சிருந்தா மறுத்துடும், அதனால ரன்சர்வர், செலரி, திறந்து வச்ச பிஎஸ்கியூஎல் எல்லாத்தையும் மூடிட்டு ஓட்டுங்க. செட்டிங்ஸ்ல டேட்டாபேஸ் பேரை என்விரான்மென்ட் வேரியபிள்ல இருந்து எடுக்கிற மாதிரி வைங்க. பிராஞ்ச் பேரையே வைக்கிறதா இருந்தா சாய்கோட்டை அடிக்கோடா மாத்துங்க, போஸ்ட்கிரஸ்ல பேருக்கு 63 பைட்தான் எல்லை. பிராஞ்ச் மெர்ஜ் ஆனதும் ட்ராப்டிபி.

செக்அவுட்டோட சேர்த்து எல்லாம் தானா நடக்கட்டும்னு கிட்டோட போஸ்ட்-செக்அவுட் ஹூக்ல ரோல்பேக் எழுதப் பார்ப்பாங்க. அந்த ஹூக் செக்அவுட் முடிஞ்ச பிறகுதான் ஓடும், அப்ப கோப்பு போயிருக்கும். எச்சரிக்கை குடுக்க மட்டும் அது உதவும். பழைய ஹெட், புது ஹெட் ரெண்டும் அதுக்குக் கிடைக்கும்; கிட் டிஃப் --நேம்-ஒன்லி --டிஃப்-ஃபில்டர்=டி போட்டு, காணாமப் போன கோப்புகள்ல மைக்ரேஷன்ஸ் ஃபோல்டர்ல இருக்கிறதை மட்டும் காட்டச் சொல்லுங்க.

பிராஞ்சையே அழிச்சிட்டவங்க முதல்ல கிட் லாக் --ஆல் போட்டுத் தேடுங்க, இல்லன்னா கிட் ரெஃப்லாக். கமிட் கிடைச்சா வொர்க்ட்ரீ வழி. கிடைக்கவே இல்லன்னாதான் கையால நெடுவரிசையை ட்ராப் பண்ணி, ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ்ல அந்தப் பதிவையும் டிலீட் பண்ணணும். ரெண்டையும் சேர்த்தே பண்ணுங்க. 4.1-ல வந்த மைக்ரேட் ஆர்டர்ஸ் --புரூன் கோப்பில்லாத பதிவுகளை அழிக்கும், டேபிளைத் தொடாது. அதை மட்டும் ஓட்டிட்டு விட்டா நாட் நல் நெடுவரிசை அங்கேயேதான் இருக்கும். --ஃபேக்கும் அப்படித்தான், பதிவை மட்டும் மாத்தும்.

---

மருதநிலம்:

மைஎஸ்கியூஎல்காரர்களுக்கு ஒரு சேர்க்கை. அங்கே ஸ்கீமா மாற்றம் டிரான்சாக்‌ஷனுக்குள் அடங்காது. ஐந்து ஆபரேஷன் உள்ள மைக்ரேஷன் மூன்றாவதில் விழுந்தால் முதல் இரண்டும் டேபிளில் தங்கிவிடும், பதிவு மட்டும் விழாது. திரும்ப ஓட்டினால் முதல் ஆபரேஷனே 'ஏற்கெனவே இருக்கிறது' என்று நிற்கும். ஸீக்வல்மைக்ரேட் வெளியீட்டைப் பக்கத்தில் வைத்து, எதுவரை ஓடியது என்று பார்த்து, ஓடியதைக் கையால் திருப்பிவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். அதனால் அங்கே ஒரு மைக்ரேஷனுக்கு ஒரு மாற்றம் என்று சிறிதாக வைப்பது நல்லது.

நோடு நாட் ஃபவுண்ட் எரர் சிஐயில் மட்டும் வந்து உங்கள் கணினியில் வராவிட்டால், வெளி நூலகத்தின் ஃபோல்டரைப் பாருங்கள். 3.2-இல் வந்த டிஃபால்ட்_ஆட்டோ_ஃபீல்டை பிக்ஆட்டோஃபீல்டு ஆக்கிவிட்டு, ஆப் பெயர் கொடுக்காமல் மேக்மைக்ரேஷன்ஸ் ஓட்டினால், தன் ஆட்டோ ஃபீல்டைச் சொல்லாத பழைய நூலகங்களுக்கும் சைட்-பேக்கேஜஸுக்குள் மைக்ரேஷன் எழுதிவிடும். உங்கள் ஆப்பின் அடுத்த மைக்ரேஷன் அதைச் சாரும். அந்தக் கோப்பு கிட்டில் இல்லை, வேறு யாரிடமும் இல்லை. எப்போதும் மேக்மைக்ரேஷன்ஸ் ஆர்டர்ஸ் என்று ஆப் பெயரோடு ஓட்டுங்கள்.

---

கரிசல்:

0008_கூப்பன்_கோடு ஆக்கியாயிற்று. கிட் கிரெப்பில் இன்வாய்ஸ் ஆப்பில் ஒரு சார்பு மாட்டியது, திருத்தினேன். மைக்ரேட் ஓடியது, --செக் சுத்தம். ஆனால் டெஸ்ட் ஓட்டினால் கூப்பன்_கோடு நெடுவரிசை ஏற்கெனவே இருக்கிறது என்கிறது. டெஸ்டுக்கு --கீப்டிபி (டெஸ்ட் டேட்டாபேஸை அழிக்காமல் வைப்பது) கொடுத்து ஓட்டுகிறோம்.

---

அலைவரிசை:

டெஸ்ட் டேட்டாபேஸ் தனி. நீங்கள் ரோல்பேக் செய்தது அதைத் தொடவில்லை. --கீப்டிபி அதை அழிக்காமல் வைத்திருப்பதால் அங்கே இன்னும் 0007_கூப்பன்_கோடு என்ற பழைய பெயர்தான் பதிவாகியிருக்கிறது. ஒருமுறை --கீப்டிபி இல்லாமல், --நோஇன்புட் சேர்த்து ஓட்டுங்கள். பழையதை அழித்துப் புதிதாகக் கட்டும். பைடெஸ்ட்-ஜாங்கோவில் --ரீயூஸ்-டிபி வைத்திருப்பவர்கள் அந்த ஒருமுறைக்கு --கிரியேட்-டிபி சேர்த்தால் போதும். பிராஞ்ச் மாறிய பிறகு ஓட்டும் முதல் டெஸ்டுக்கு இதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

---

கரிசல்:

ஓடியது. எல்லா டெஸ்டும் தேறிவிட்டன. ஸ்டேஜிங்கில் \டி போட்டுப் பார்த்ததில் இரவுப்பணி சொன்னது போலவே ஒரு நெடுவரிசை மாடலைவிடக் குறுகலாக இருக்கிறது, ரன்எஸ்கியூஎல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.